ரங்கூன் கிளினிக் ஒன்று: படி செங்குத்து, பார்வை நிதானம்

காளி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. வயதானவர்களுக்கு என்று போர்டு மாட்டிவிட்டு லிஃப்ட் இல்லாத இடத்தில் வைத்திருக்கிறார்கள், அதற்கே ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன். 74 வயது அப்பா மூன்று தடவை நின்று நின்றுதான் ஏறினார்.

போனது எடைக்காக. போன தீபாவளிக்கு 132 பவுண்டு இருந்தவர் ஆவணிக்குள் 121க்கு வந்துவிட்டார், பத்தியமும் இல்லை ஒன்றும் இல்லை. லுங்கி மடிப்பு ஒரு பிடி கூடுதலாக வர ஆரம்பித்தபோதே கவனித்திருக்க வேண்டும், வயசானா இளைக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தானாக 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே காட்டிவிட வேண்டுமாம். அப்பாவுக்கு 8ஐத் தாண்டியிருந்தது.

முதலில் போனது வேறொரு பெரிய இடம், பேர் வேண்டாம். தலை முதல் கால் வரை ஸ்கேன் பேக்கேஜ் எழுதி நீட்டினார்கள், ஆனால் எடை மெஷினில் ஏற்றவே இல்லை, எவ்வளவு என்று வாயால் கேட்டு எழுதிக்கொண்டார்கள்!

இங்கே சயா (டாக்டரை பர்மியத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முதல் அரை மணி நேரம் பேச்சுதான். என்ன சாப்பிடுகிறார், யாரோடு சாப்பிடுகிறார், விழுங்கும்போது அடைக்கிறதா, இருமல், ராத்திரி வேர்வை, வெளிக்குப் போவது எல்லாம் கேட்டார். மாத்திரைப் பையை மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியை அடக்குமாம். அப்புறம் மனச்சோர்வுக்கு ஆம், இல்லை என்று சொல்கிற 15 கேள்விகள். அம்மா போய் ஒன்றரை வருடம், பாதியிலேயே அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்விகள் பர்மியத்தில், தமிழில் கேட்டிருந்தால் இன்னும் பேசியிருப்பார்.

நர்ஸ் நம்மவர். "பல் செட்டைக் கழட்டுங்க ஐயா" என்றார். கீழ் செட் ஆடுகிறது, ஈறில் சிவப்பாக ஒரு புண். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மொஹிங்காவில், அதாவது பர்மிய மீன் சூப் நூடுல்ஸில், பருப்பு வடையை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிற மனுஷன், சில மாதமாக அதைக் கிண்ணத்து ஓரத்திலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்தால் செட் இன்னும் தளருமாம், தளர்ந்தால் சாப்பாடு இன்னும் குறையும்.

ரத்தம், சர்க்கரை, தைராய்டு, ஈரல், கிட்னி, மூத்திரம், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம், காசநோய்க்கும் புற்றுக்கும் பயந்து நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரே இங்கே கிடையாது, வெளியே போன இடத்தில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தோம். எல்லாம் சரியாக வந்தது. நான்தான் ஸ்கேனும் எடுத்துவிடலாமே என்று அவசரப்பட்டேன். இவ்வளவும் சரியாக இருந்தால் பெரிய வியாதி ஒளிந்திருக்க வாய்ப்பு குறைவு, மூன்று முதல் ஆறு மாதம் எடையைக் கவனிப்போம் என்றார் சயா. முழுக்கத் தேடியும் நாலில் ஒருவர் வரைக்கும் காரணம் பிடிபடாதாம்.

பல் செட்டுக்கு அடியில் புதுசாகப் பூச்சு, மாத்திரை அளவில் மாற்றம், மத்தியானச் சாப்பாடு தங்கச்சி வீட்டில் பேரப்பிள்ளைகளோடு. இரண்டு மாதத்தில் 125.

மாதா மாதம் எடை பார்க்கக் காசு வாங்குவதில்லை. போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உடையில் போங்கள், சட்டைப் பையில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு ஏறினால் நர்ஸ் இறங்கச் சொல்லிவிடுவார்.