புதைப்பதா, எரிப்பதா, மக்க வைப்பதா: 25 ஆண்டுக் கணக்கு

காலையில் வண்டி வந்து குப்பையை எடுத்துப் போய்விட்டால் போதும், மற்றது நகராட்சியின் பாடு என்றுதான் நம்மில் பலர் இருக்கிறோம். தினசரி அள்ளுவதைப் பொறுத்தவரை அது சரிதான். இன்று சரியாக அள்ளவில்லை என்றால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். குப்பையைப் புதைக்கும் கிடங்குக்கு இடம் எடுப்பதும் எரிஉலைக்கு ஒப்பந்தம் போடுவதும் அப்படியல்ல. கையெழுத்தான பிறகு 20, 25 ஆண்டுகளுக்கு அசைக்க முடியாது. கேட்பதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

முதலில் அளவு. பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ என்று வைத்தால் 500 டன், ஆண்டுக்கு 1.8 லட்சம் டன். கிடங்கில் நன்றாக அழுத்தினால் ஒரு கன மீட்டரில் சுமார் 0.9 டன் அடங்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு அடுக்கினாலும் வருடத்துக்கு 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் வேண்டும். 25 ஆண்டுக்கு 125 ஏக்கர். உள்சாலை, குப்பையிலிருந்து கசியும் நீருக்கான குளம், சுற்றிலும் விட வேண்டிய காலி நிலம் எல்லாம் இதற்கு மேல். மக்கள்தொகை கூடுவதையும் இதில் சேர்க்கவில்லை.

புதைப்பது

திறந்தவெளியில் கொட்டுவதும் முறையான நிலநிரப்புக் கிடங்கும் ஒன்றல்ல. முறையான கிடங்கில் அடியில் இறுக்கிய களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேல் கசிவுநீரை வடிக்க 30 செ.மீ. ஜல்லியும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். அன்றன்று கொட்டியதை அன்றே 15 செ.மீ. மண்ணால் மூட வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் விரிப்பின் நடுவில் வருவதில்லை, இணைப்பில்தான் வருகிறது. இரண்டு பாளங்களைச் சூடாக்கி ஒட்டும் இடத்தில் தூசியோ ஈரமோ இருந்தால் ஒட்டு பிடிக்காது. ஜல்லி பரப்ப வரும் இயந்திரம் விரிப்பின் மேல் நேரே ஏறினால் கிழியும். அதற்கு மேல் பல மீட்டர் குப்பை ஏறிவிட்டால் எந்த இடத்தில் கிழிந்தது என்று யாராலும் தேட முடியாது. பக்கத்துக் கிணற்று நீர் கெட்ட பிறகுதான் தெரியவரும். அதனால்தான் ஒவ்வொரு ஒட்டையும் காற்றழுத்தத்தாலோ வெற்றிடத்தாலோ சோதித்த பதிவேடு இருக்க வேண்டும்.

மலையாகக் குவித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை பிலிப்பைன்ஸின் பாயடாஸ் (2000), எத்தியோப்பியாவின் கோஷே (2017) சரிவுகள் காட்டின. இரண்டிலும் குப்பைமேட்டின் அடிவாரத்தில் குடியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எரிப்பது

"குப்பையிலிருந்து மின்சாரம்" என்ற சொல்லுக்கு மயங்காத நகரசபை குறைவு. கொள்ளளவு ஏறத்தாழ 90 சதவீதம் குறைகிறது என்பது உண்மை. எடையில் அப்படியில்லை: நூறு டன் எரித்தால் அடிச்சாம்பலே 20 முதல் 25 டன் மிஞ்சும். புகை வடிகட்டியில் பிடிபடும் நுண்சாம்பல் அளவில் கொஞ்சம்தான், ஆனால் கன உலோகமும் டயாக்ஸின் என்ற நச்சுப்பொருளும் அதில்தான் சேர்கின்றன. அதற்கென்று தனியாக ஆபத்துக் கழிவுக் கிடங்கு வேண்டும். எரிஉலை வந்தால் கிடங்கே தேவையில்லை என்று சொல்பவர் சாம்பலை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

உலையைத் தோற்கடிப்பது ஈரம். துணை எரிபொருள் ஊற்றாமல் எரிய வேண்டுமானால் குப்பையில் கிலோவுக்குக் குறைந்தது 1,500 கிலோகலோரி வெப்பம் இருக்க வேண்டும். சமையலறைக் கழிவில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். உலையின் வெப்பம் 850 டிகிரிக்குக் கீழே இறங்கினால், அல்லது அந்த வெப்பத்தில் புகை 2 விநாடி நிற்காமல் போனால், டயாக்ஸின் முழுதாகச் சிதையாது. அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டும் உலை இந்தக் காரணத்தாலேயே அபாயகரமானது.

உலை நன்றாக எரியக் காகிதமும் பிளாஸ்டிக்கும் வேண்டும். மறுசுழற்சிக்காரருக்கும் வேண்டியது அதே காகிதம், அதே பிளாஸ்டிக்தான். இங்கேதான் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். "நாளுக்கு இத்தனை டன் தருவோம், தராவிட்டாலும் அதற்குரிய கட்டணம் கட்டுவோம்" என்ற உறுதி இருந்தால், மக்கள் குப்பையைக் குறைக்கக் குறைக்க நகரத்துக்கு நஷ்டம். அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் நகரம் எரிஉலைக்காக வாங்கிய கடனில் சிக்கி 2011இல் திவால் மனு கொடுக்கும் நிலைக்குப் போனது.

மக்க வைப்பது

மூன்றில் செலவும் ஆபத்தும் குறைந்தது இதுதான். ஆனால் வீட்டிலேயே பிரிக்காவிட்டால் மூன்றில் முதலில் படுத்துவிடுவதும் இதுதான். நன்றாக மக்கத் தேவையானவை: ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரக் குவியல், 50 முதல் 60 சதவீத ஈரம், நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு, 55 டிகிரிக்கு மேல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை கிளறல். ஈரம் மிஞ்சினால் காற்று புகாது, நாற்றம் எடுக்கும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், உரக் கூடம் மூடப்படும். உலர்ந்த இலையோ மரத்தூளோ எப்போதும் இருப்பில் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். பல நகரங்கள் அதைத் திட்டத்திலேயே சேர்ப்பதில்லை.

சாண எரிவாயுக் கலன் மாதிரி காற்றில்லாமல் செரிக்க வைத்தால் ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து சுமார் 100 கன மீட்டர் வாயு கிடைக்கும். இடமும் குறைவு. ஆனால் மணல், கண்ணாடி, பிளாஸ்டிக் உறை உள்ளே போனால் பம்பு அடைக்கும், கலன் தூர்ந்துபோகும்.

கலந்து வந்த குப்பையை இயந்திரத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று டெண்டர்களில் எழுதுவார்கள். சல்லடையில் இறங்கும் உரத்தில் உடைந்த கண்ணாடியும் பேட்டரியின் உலோகமும் சேர்ந்தே இறங்கும். அப்படிப்பட்ட உரத்தை எந்த விவசாயியும் இரண்டாம் முறை வாங்கமாட்டார். கடைசியில் அதுவும் கிடங்குக்கே போகும்.

எதைத் தேர்வது

எங்கள் கணிப்பில் வரிசை இது: ஈரக் குப்பையைத் தனியே எடுத்து மக்க வைப்பது, உலர்ந்ததை மறுசுழற்சிக்கு அனுப்புவது, மிஞ்சுவதற்கு மட்டும் சிறிய, ஒழுங்கான கிடங்கு. ஈரம் வெளியேறினாலே கிடங்கில் கசிவுநீரும் மீத்தேனும் வெகுவாகக் குறைந்துவிடும். எரிஉலை பற்றி யோசிப்பதானால், பிரிக்கத் தொடங்கி சில ஆண்டு கழித்து மிச்சம் எவ்வளவு, அதன் வெப்பம் எவ்வளவு என்று எல்லாப் பருவத்திலும் அளந்த பிறகு யோசிக்கலாம். இன்றைய மொத்தக் குப்பையை வைத்து உலையின் அளவை முடிவு செய்வதுதான் பெரிய தவறு.

திட்ட வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது முழு அறிக்கையையும் படிக்கத் தேவையில்லை, இந்தக் கேள்விகளைக் கேட்டால் போதும். குப்பையின் ஈர அளவை எந்த மாதத்தில் எடுத்தார்கள்? குறைந்தபட்ச டன் உறுதி உண்டா? கிடங்கை மூடிய பின் கசிவுநீரும் வாயுவும் பல பத்தாண்டு வந்துகொண்டே இருக்குமே, அதைப் பராமரிக்கும் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, அல்லது அன்றைக்கு இருக்கும் வரிதாரர் தலையில் விழுமா? இப்போதுள்ள மக்கு உரக் கூடத்துக்குள் போன எடை எவ்வளவு, கழிவென்று வெளியே வந்த எடை எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு எடைமேடைப் பதிவேட்டை நேரில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அறிக்கையில் சுருக்கி எழுதிய சதவீதத்தை மட்டும் நம்பவேண்டாம்.