வெட்டிக் கொடுக்கும் மாத்திரை அட்டையில் தேதியைப் பாருங்கள்

மெடிக்கலில் முழு அட்டையாக வாங்காமல் எண்ணி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. அம்மாவின் பிரஷர் மாத்திரை, வழக்கமான கடையில் ஸ்டாக் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு கடையில் 15 கேட்டேன். முழு அட்டை ஒன்றும், 5 மாத்திரை உள்ள துண்டு ஒன்றும் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் அந்தத் துண்டுக்குத் தேதி முடிந்து ஏழு மாதம். பில்லில் மட்டும் அடுத்த வருடத் தேதி! முழு அட்டையின் பேட்ச் நம்பரையே 15 மாத்திரைக்கும் அடித்திருக்கிறார்கள், துண்டில் இருப்பதோ வேறு நம்பர். இது கைதவறி நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பப் போய்க் கேட்டால் ஓனர், "ஆறேழு மாசம் முன்னப்பின்ன இருந்தா ஒண்ணும் ஆகாது சார், அமெரிக்காவுலயே டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க" என்கிறார். அதில் பாதி நிஜம். அமெரிக்க ராணுவம் சேர்த்து வைத்திருந்த மருந்துகளைச் சோதித்தபோது பலவற்றின் வீரியம் தேதிக்குப் பிறகும் குறையாமல் இருந்தது. ஆனால் அவை சீல் பிரிக்காமல் பக்குவமாகக் கிடங்கில் இருந்தவை. மே மாத வெயிலில் டப்பாவுக்குள் வெந்த துண்டுக்கு அதே கணக்கு எப்படிப் பொருந்தும்? லேபிளில் சொன்னபடி வைத்திருந்தால் அந்தத் தேதி வரைக்கும் வீரியத்துக்குக் கம்பெனி பொறுப்பு, அதுக்கப்புறம் யாரும் பொறுப்பில்லை, அவ்வளவுதான் விஷயம். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை சாப்பிடலாம், 1ஆம் தேதியே தூக்கிப் போட வேண்டியதில்லை. இன்சுலின், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை போன்றவற்றில் மட்டும் விளையாடவே கூடாது, வீரியம் குறைந்தது ஆபத்து வந்த நேரத்தில்தான் தெரியும்.

அமெரிக்கா கிடக்கட்டும், நம் நாட்டு 1945ஆம் வருட மருந்து விதிகள் தெளிவாக இருக்கின்றன. தேதி முடிந்ததை விற்கக் கூடாது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்தால்கூட மற்ற சரக்கோடு கலக்காமல், 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனியாக வைக்க வேண்டும். ஓனரிடம் இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "வெட்டின அட்டையை டீலர் திரும்ப எடுக்க மாட்டான் சார், நாங்க என்ன பண்றது" என்றார். அந்த நஷ்டத்தை அம்மா முழுங்க வேண்டுமாம்.

தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டும்போது அந்த ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் முழு அட்டையைக் காட்டச் சொல்லி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள பேட்ச் நம்பரையும் கையில் உள்ளதையும் கவுண்டரிலேயே ஒப்பிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

பணத்தைத் தருகிறேன், பில்லையும் துண்டையும் கொடுங்கள் என்று ஓனர் கேட்டார். கொடுக்கவில்லை, கொடுத்தால் கையில் ஆதாரமே இருக்காது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன், மாவட்ட மருந்து ஆய்வாளருக்கும் படங்களோடு எழுதியிருக்கிறேன்.