கல்யாணக் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ்: நிச்சயம் முதல் மொய் திருப்புவது வரை

எங்கள் கல்யாணம் 2023 மாசியில் திண்டுக்கல்லில் நடந்தது. கணவருக்குத் தேனிப் பக்கம், இரண்டு பேருக்கும் வேலை சென்னையில். ஏற்பாடு செய்பவர்கள் ஊரில், பாதிப் பணம் அனுப்புபவர்கள் சென்னையில் என்று இருந்ததால் எல்லாக் கணக்கையும் ஒரே கூகுள் ஷீட்டில் போட்டோம். அந்த ஷீட் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கு உதவியது, எதற்கு உதவவே இல்லை என்று இப்போது சொன்னால்தான் சரியாக இருக்கும். கல்யாணம் முடிந்த கையோடு எழுதியிருந்தால் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கும்.

கல்யாணத்துக்கென்றே ஆப்கள் இருக்கின்றன, இலவச மாதிரி ஷீட்டுகளும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவை வேறு மாதிரிக் கல்யாணங்களுக்காகச் செய்தவை. எந்த மேசையில் யார் உட்கார்வார், மணப்பெண் தோழிகளுக்கு என்ன உடை, யார் யார் வருவதாக உறுதி சொன்னார்கள் என்றெல்லாம் கேட்கும். எங்கள் ஊரில் பத்திரிகை வைத்துவிட்டு ‘வருவீங்களா, எத்தனை பேர்?’ என்று கேட்டால் மரியாதை கெட்டுவிடும். கேட்டாலும் ‘வராம இருப்போமா தாயி’ என்றுதான் பதில் வரும். அதை வைத்து இலைக் கணக்குப் போட முடியாது. அதனால் வெற்று ஷீட்டில் நாங்களே பக்கம் பிரித்தோம்: செலவு, அழைப்பு, பந்தி, நகை ஜவுளி, ஆவணம், பயணம். மொய்ப் பக்கம் பிறகு சேர்ந்தது.

முதலில் இரண்டு சின்ன விஷயங்கள். புது ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 5/6 என்று போடும் தேதியை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போன் நம்பர் நெடுவரிசையை முதலிலேயே ‘வெறும் உரை’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். +91 போட்டு இடைவெளி விட்டு எண்ணை எழுதினால் அதைச் சூத்திரம் என்று நினைத்துப் பிழை காட்டும்.

ஷீட் தன் கூலியைச் சம்பாதித்தது செலவுப் பக்கத்தில்தான். மொத்த பட்ஜெட் போட்டு விழுக்காடு பிரிப்பதெல்லாம் பார்க்க அழகு, அவ்வளவுதான். எங்களுக்கு உதவியவை நான்கு நெடுவரிசைகள்: கொடுத்த அட்வான்ஸ், பாக்கி, பாக்கி எந்தத் தேதிக்குள், யார் கையால். கடைசியில் சொன்னது இல்லையென்றால் அப்பா ரொக்கமாகக் கொடுத்ததையே அண்ணன் ஜிபேயில் மறுபடி அனுப்பியிருப்பார்.

மண்டபத்துக்கு ஒரு வரிசை போதாது. வாடகை ஒன்று, மீட்டர் ஓடியதற்குக் கரண்டு, ஜெனரேட்டருக்கு டீசல், சிலிண்டர், துப்புரவு ஆள், 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வேண்டும். நாங்கள் பிடித்த மண்டபத்தில் வாடகை பேசும்போது வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஷீட்டில் ஜிஎஸ்டி கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துச் சித்தப்பாதான் போன் போட்டுக் கேட்டார். ‘ஆமா சார், அது தனி’ என்றார்களாம். மண்டபச் சாவி வாங்கியதும் கரண்டு மீட்டரைப் படம் எடுத்து, எண்ணையும் அங்கேயே ஷீட்டில் ஏற்றியவரும் அவர்தான். மறுநாள் கணக்கு முடிக்கும்போது மானேஜரிடம் பேச்சு வளரவில்லை.

பந்திக் கணக்கை வேளை வேளையாகப் பிரித்தோம்: முதல் நாள் இரவு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு. உறுதி சொன்னவர் கணக்குக்குப் பதிலாக ஊர் கணக்கு வைத்தோம். உள்ளூர்க்காரர் முகூர்த்தச் சாப்பாட்டுக்கு வருவார், வேனில் வருபவர் காலை டிபனிலிருந்து இருப்பார், ரயிலில் வருபவருக்கு முதல் நாள் இரவும் உண்டு. சமையல் கான்ட்ராக்டரிடம் சொன்ன எண்ணிக்கைக்கும் விழுந்த இலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இலைக்கட்டை எண்ணி எடுத்துக் கொடுக்க ஒரு மாமாவை உட்கார வைத்திருந்தோம். அந்த வேலையை எந்த ஷீட்டும் செய்யாது.

அழைப்புப் பக்கம் தோற்றுப்போனது. அப்பாவிடம் பழைய மொய் நோட்டு இருக்கிறது, அதில் ஊர், தெரு, பங்காளி, சம்பந்தி என்ற ஒழுங்கில் எல்லாரும் இருக்கிறார்கள். ஷீட்டிலோ வத்தலக்குண்டு மணி, சுப்பிரமணி, சுப்ரமணியன் மாமா என்று ஒரே ஆள் மூன்று இடத்தில் ஏறிவிட்டார். ஒரே மாதிரி எழுதிய பெயரைத்தான் அது ஒன்று என்று கண்டுபிடிக்கும். முறையும் அதற்குத் தெரியாது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அப்புறம் தாய்மாமாவுக்கு. யாருக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டு வைத்து நேரில் சொல்ல வேண்டும், யாருக்குப் போன் போதும், யாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆயுளுக்கும் பேச மாட்டார் என்பதெல்லாம் அம்மா தலைக்குள்தான் இருந்தது. ஒரு மாதம் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நோட்டையே மூலமாக வைத்துக்கொண்டோம். எந்த நாளில் எந்த ஊருக்குக் காரை எடுப்பது என்று வடிகட்டிப் பார்க்க மட்டும் ஷீட்.

இந்தப் பக்கத்தில்தான் ஒரு கூத்தும் நடந்தது. சித்தி மகன் பெயரை அகர வரிசைப்படுத்துகிறேன் என்று அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் பிடித்து வரிசைப்படுத்திவிட்டான். பெயர் ஒருவருடையது, நம்பர் இன்னொருவருடையது. கம்ப்யூட்டரில் திறந்து, பதிப்பு வரலாற்றில் முந்தைய நாளுக்குப் போய் மீட்டோம். அன்றைக்கே பெரும்பாலானோருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் என்று மாற்றினேன். ‘என்னை நம்பலையாக்கா’ என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது தனிக் கதை.

தேதி வேலைக்கு ஷீட் கெட்டி. கல்யாணத் தேதி ஒரு கட்டத்தில் இருக்கும், மற்றதெல்லாம் அதிலிருந்து கழித்தோ கூட்டியோ வரும். அப்போது ரயில் முன்பதிவு 120 நாள் முன்பே திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள்தான், பழைய மாதிரி ஷீட்டை எடுப்பவர்கள் இதை மாற்றிக்கொள்ளுங்கள். திருமணப் பதிவுக்கும் அப்படியே ஒரு வரிசை போட்டோம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்தால் கூடுதல் கட்டணம் இல்லை. ஆவணப் பக்கத்தில் பத்திரிகைக்கும் ஒரு டிக் பெட்டி வைத்திருந்ததால் இரண்டு பத்திரிகை பத்திரமாக இருந்தன. வீட்டில் எல்லாப் பத்திரிகையும் தீர்ந்த பிறகு சார் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒன்று தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

நகைப் பக்கத்தில் எடை, செய்கூலி, சேதாரம், பில் எண் போட்டோம். ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறிகளாக வரும் ஹெச்யுஐடி என்ற தனி அடையாளக் குறியீட்டையும் சேர்த்தோம். லாக்கரில் வைக்கும்போதும் எடுக்கும்போதும் இந்தப் பக்கம்தான் இன்றுவரை சாட்சி.

தேனிலவுக்கு அந்தமான். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள், அதற்கு ஒரு வாரம் விட்டே டிக்கெட் போட்டோம். கல்யாணத்துக்கு மறுநாளே விமானம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. முகூர்த்தத்துக்கு விடிகாலை மூன்று மணிக்கு எழுந்த உடம்பு அது.

பயணப் பக்கத்தை அவர் மணிக்கணக்கில் நிரப்பியிருந்தார். அந்தமானில் அது செல்லாது. நம் கடிகார நேரம்தான் அங்கேயும், ஆனால் அவ்வளவு கிழக்கே இருப்பதால் மாசி, பங்குனியில் ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ‘மாலை 6: ராதாநகர் கடற்கரை’ என்று போட்டால் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) ராதாநகர் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் பெரும்பாலும் கப்பல்தான் வழி, கடல் சரியில்லை என்றால் ரத்தாகும். ஆகவே தீவிலிருந்து திரும்பும் கப்பலையும் சென்னை விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஸ்கூபா டைவ் செய்வதாக இருந்தால் அதை முதல் நாட்களில் வையுங்கள். டைவ் முடிந்து 18 முதல் 24 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பார்கள். இந்த மூன்று கட்டுப்பாடுகளையும் எழுதிவிட்டு மற்ற கட்டங்களை அழித்தோம். மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொண்டோம், நன்றாகவே இருந்தது. சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் கவலையில்லை, போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய.

ஹேவ்லாக்கில் என் சிம்மில் நெட் பெரும்பாலும் வரவில்லை. கிளம்பும் முன் ஷீட்டை ஆஃப்லைனில் திறக்கும்படி வைத்திருந்ததால் கப்பல் நேரமும் தங்குமிடத்தின் நம்பரும் கையில் இருந்தன. கப்பல் டிக்கெட்டையும் அடையாள அட்டை நகலையும் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஷீட்டில் இணைப்பு மட்டும் இருந்தால் அங்கே திறக்காது.

இத்தனை நாள் கழித்து இந்த ஷீட்டில் நான் திறப்பது மொய்ப் பக்கம் ஒன்றைத்தான். எங்கள் பக்கம் மொய் எழுத இப்போது லேப்டாப், பிரிண்டரோடு ஆட்கள் வருகிறார்கள். ரசீது கொடுத்து, கடைசியில் ஊர் வாரியாகப் புத்தகமும் போட்டுத் தருகிறார்கள். கேட்டால் கோப்பாகவும் கிடைக்கும். எங்களுக்கு வந்த கோப்பு பழைய எழுத்துருவில் இருந்ததால் ஷீட்டில் ஒட்டியதும் கன்னாபின்னா எழுத்தாகத் தெரிந்தது, யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் படிக்க முடிந்தது. ஆள் பேசும்போதே யூனிகோடில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகள் சேர்த்தேன்: நாங்கள் திருப்பிச் செய்தது எவ்வளவு, எந்த விசேஷத்துக்கு. காதுகுத்து, வீடு குடிபோவது என்று எந்தப் பத்திரிகை வந்தாலும் கிளம்பும் முன் பெயரைத் தேடி, அவர்கள் செய்ததற்குமேல் கொஞ்சம் கூட்டிச் செய்துவிடுகிறோம். அத்தையும் இப்போது நோட்டைத் தேடாமல், ‘உன் போன்ல பாரும்மா, கம்பத்துக்காரங்க எவ்வளவு செஞ்சிருக்காங்க?’ என்று கேட்கிறார். அழைப்புப் பக்கத்தில் தோற்ற ஷீட் இங்கே ஜெயித்ததற்குக் காரணம் இருக்கிறது. மொய்யில் ஊர், பெயர், தொகை என்று ஏற்கெனவே ஒழுங்காகச் சொல்லித்தான் எழுதுகிறார்கள். மணி மாமாவும் அங்கே ஒரே ஆளாகத்தான் இருக்கிறார்.

கல்யாணம் முடிந்ததும் பகிர்வுப் பட்டியலைப் பார்த்து, எங்கள் இருவரையும் அப்பாவையும் தவிர எல்லாரையும் நீக்கிவிட்டேன். நூற்றுக்கணக்கானவர்களின் போன் நம்பரும் தொகையும் அதில் இருக்கின்றன. இணைப்பு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்ற நிலையில் அதை விட்டுவைப்பது சரியில்லை. நாத்தனாருக்கு இந்த ஆவணியில் கல்யாணம், ஷீட் கேட்டாள். நகல் எடுத்து, மொய்யையும் நகையையும் நீக்கி, ரயில் வரிசையை 60 நாளாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அழைப்புப் பக்கத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன், மாமனாரின் நோட்டு அவளிடம் இருக்கிறது.