வெள்ள நாளில் நீர் வடிகட்ட: பழம்புடவையா, மணல் பாட்டிலா?

வெள்ளம் சூழ்ந்து குழாய்நீர் நின்றுபோன வீட்டில், கலங்கிய கிணற்று நீரை வடிகட்ட எளிதில் கிடைப்பவை பழைய பருத்திப் புடவை, காலி பிளாஸ்டிக் பாட்டில், மணல், அடுப்புக்கரி ஆகியவையே. அடிவெட்டிய பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டி, கரி, மணல், கூழாங்கல் என அடுக்கும் முறையைப் பலர் பள்ளி அறிவியல் கண்காட்சியிலேயே பார்த்திருப்பார்கள். ஆயினும் அவசரத்தில் நான் முதலில் எடுக்கச் சொல்வது புடவையைத்தான்.

வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது 4 மடிப்பாக மடித்த புடவைத்துணியில் நீரை வடிகட்டிய குடும்பங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதால், அவற்றைப் பிடிக்கும் துணி கிருமியின் பெரும்பகுதியையும் பிடித்துவிடுகிறது. பலமுறை துவைத்த துணியில் நூலிழைகள் பிரிந்து இடைவெளிகளை அடைப்பதால், இதற்குப் புதுத்துணியைவிடப் பழந்துணியே மேல். ஆனால், தனித்து மிதக்கும் பாக்டீரியாவும் வைரஸும் துணியைக் கடந்துவிடும்.

மணல் பாட்டில் நுண்சேற்றைத் துணியைவிட நன்றாகப் பிடிக்கும். கரி சிறிது நாற்றத்தையும் குறைக்கும். எனினும் அடுப்புக்கரி, கடையில் விற்கும் வடிகட்டிகளிலுள்ள ஊக்கப்பட்ட கரிக்கு ஈடாகாது. மணலைத் தெளிநீர் வரும்வரை அலச வேண்டும், முதலில் வடியும் நீரைக் கொட்டிவிட வேண்டும். நல்ல நீர் அரிதான நேரத்தில் இது பெருஞ்சுமை. நிலையான மணல் வடிகட்டிகளில் கிருமிகளைக் குறைக்கும் உயிர்ப்படலம் (மணல்மேல் படியும் நுண்ணுயிர் அடுக்கு) உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், இன்று செய்த பாட்டிலிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஒரே இடத்தில் பல நாள் முகாமிடுவோருக்கே அந்த உழைப்பு தகும். தேற்றாங்கொட்டை இருந்தால், பானையின் உட்புறத்தில் இழைத்துச் சேற்றைப் படியவிட்டுத் தெளிந்த நீரை வடிகட்டலாம்.

எதில் வடித்தாலும் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். தளதளவென 1 நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலையில் 3 நிமிடம் தேவை. விறகு நனைந்துவிட்டால், தெளிந்த நீரை 2 லிட்டருக்கு மிகாத நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம் நேர்வெயிலில் கிடத்தலாம். மேகமூட்டமானால் 2 நாள் வேண்டும் என்பதால், மழை விடாத வெள்ள நாளில் இதை நம்பியிருப்பது கடினம். பெட்ரோல் வாடையோ பூச்சிமருந்து வாடையோ அடிக்கும் நீருக்கு இவற்றில் எதுவும் உதவாது; கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது என்பதால், அதை விட்டு வேறு நீரைத் தேட வேண்டும்.