தென்சென்னையில் ஒரு கர்ப்பகால உடற்பயிற்சி வகுப்பு: பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு

‘காலையில் கொஞ்சம் நடந்தால் போதும், வேறு எதையும் தொடாதே’ என்று என் அம்மாவும், ‘குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம்’ என்று என் மாமியாரும் சொல்லிக்கொண்டிருந்த ஐந்தாம் மாதத் தொடக்கத்தில், என்னைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையைச் சுட்டிக்காட்டி, சிக்கலில்லாத கர்ப்பத்தில் வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை என்றும், அதை முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது என்றும் கூறினார். அதன்பின் நான் சேர்ந்த வகுப்பைப் பற்றியதே இந்த மதிப்புரை. கீழே சொல்லும் குறைகளில் ஒன்று தனிநபர் ஒருவரைச் சார்ந்தது என்பதால், இடத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

சேர்க்கையின்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாக ஆசிரியை மருத்துவரின் சம்மதக் கடிதத்தையும் கடைசி ஸ்கேன் அறிக்கையையும் கேட்டார். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, இரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, கர்ப்பப்பை வாயில் தையல் போடப்பட்டுள்ளதா, முன்பு இரத்தப்போக்கோ கருச்சிதைவோ ஏற்பட்டதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என்னுடன் அன்று வந்த இன்னொரு பெண்ணுக்கு நஞ்சுக்கொடி கீழிறங்கி இருந்தது. அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வருமாறு சொல்லி, ஒரு ரூபாய்கூட வாங்காமல் அவரைத் திருப்பி அனுப்பினார். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் உடற்பயிற்சி நிலையத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

வகுப்பு வாரத்திற்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 50 நிமிடம். மீதி 50 நிமிடத்தை நாமே நடந்து கணக்குத் தீர்க்க வேண்டும். முதல் பத்து நிமிடம் கூடத்தைச் சுற்றி வேகநடை. அப்போது பக்கத்தில் வருபவரிடம் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம் என்பது ஆசிரியையின் அளவுகோல். இதயத் துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது என்று 1985இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் விதித்த வரம்பை அச்சங்கமே 1994இல் கைவிட்டுவிட்டது என்பதையும் அவர் விளக்கினார். எங்களில் பாதிப்பேர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த விளக்கம் தேவைப்பட்டது. (அந்தப் பத்து நிமிடங்களில் எத்தனை வீட்டுப் பொங்கலின் செய்முறையை நான் தெரிந்துகொண்டேன் என்பது தனிக்கதை.)

அதன்பின் சுவரைப் பிடித்தபடி அரைவாசி உட்கார்ந்து எழுந்திருத்தல், நாற்காலியின் துணையோடு கால் பயிற்சிகள், முழங்காலிலும் கைகளிலும் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்தல், உள்ளங்கால்களைச் சேர்த்து அமரும் பத்தகோணாசனம் என்று வகுப்பு தொடரும். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சிறுநீரை அடக்குவதுபோல நினைத்துச் செய்யச் சொன்ன அவர், சிறுநீர் கழிக்கும்போதே அதைப் பழகக் கூடாது என்பதையும் மறக்காமல் சேர்த்தார். எனக்கு மிகவும் பிடித்தது அவர் தடுக்கும் விதம். பல ஆண்டுகள் பரதம் ஆடிய ஒருவர் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கும் அரைமண்டி நிலையில் இயல்பாக முழுமையாக அமர்ந்தபோது, கர்ப்பகால ஹார்மோன்களால் மூட்டு இணைப்புகள் தளர்ந்திருக்கும், உடல் வளைகிறது என்பதற்காகக் கடைசி எல்லை வரை போகக் கூடாது என்று அவரை நிறுத்தி, பாதி உயரத்திலேயே இருக்கச் செய்தார். இரத்தப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல், ஒரு காலின் கெண்டைச் சதையில் மட்டும் வலி அல்லது வீக்கம், சீரான இடைவெளியில் வயிறு இறுகுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டியிருக்கிறார்கள்.

இத்தனை கவனமும் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது என்பது என் 26ஆம் வாரத்தில் தெரிந்தது. அவர் விடுப்பில் சென்ற நாளில் வந்த மாற்று ஆசிரியை, வகுப்பின் முடிவில் எங்கள் அனைவரையும் மல்லாந்து படுக்கவைத்துப் பத்து நிமிடம் சவாசனம் என்றார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது; எனக்கு வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் திரும்பிப் படுத்ததும் சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. வளர்ந்த கருப்பை, இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துவதால்தான் பாதிக் கர்ப்பத்திற்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்கக் கூடாது என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு வகுப்பெடுக்க வருபவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது இது. திரும்பி வந்த ஆசிரியை மன்னிப்புக் கேட்டார், அடுத்த வகுப்பிலிருந்து பக்கவாட்டில் படுக்கத் தலையணைகளும் வந்தன. ஆனால் மாற்று ஆசிரியருக்கென்று எழுதிவைத்த விதிமுறை ஒன்றும் அங்கே இல்லை.

மற்ற குறைகள் சிறியவை. கூடம் மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. மே மாத வெயிலில் மின்விசிறிகள் மட்டும் போதவில்லை என்று நாங்கள் சொன்னதும் வகுப்பைக் காலை ஆறரைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து பயிற்சி செய்யும் பெரிய பந்துகள் எல்லாம் 65 சென்டிமீட்டர். உயரமானவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடுகிறது. வாசலில் தொங்கும் ‘சுகப்பிரசவம் உறுதி’ என்ற பலகையை எடுத்துவிடலாம். தசைக்கும் மூச்சுக்கும் இந்தப் பயிற்சி உதவும் என்பதில் ஐயமில்லை, ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தால் எந்த ஆசனமும் உறுதி தர முடியாது. அறுவைச் சிகிச்சையில் பெற்றெடுக்கும் பெண் தான் எதிலோ தவறிவிட்டதாக வருந்தவே அந்தப் பலகை வழிசெய்யும். இதை ஆசிரியையிடம் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார், ஆனால் பலகை இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.

பன்னிரண்டு வாரத்திற்கு ஏழாயிரம் ரூபாய் கொடுத்தேன். மூத்த ஆசிரியையின் வகுப்புக்கு அது தகும் என்பதால் அடுத்த இரண்டு மாதத்திற்கும் பணம் கட்டியிருக்கிறேன். மாற்று ஆசிரியர் வரும் நாள்களை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் தெரிவிக்குமாறு கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.