பக்கவாதத்துக்குப் பிறகான கவனப் பயிற்சி – புதுச்சேரி லாஸ்பேட்டை மையம், அம்மாவுக்குப் பலன் தெரிகிறது

மூளையின் வலதுபக்கத்தில் பக்கவாதம் வந்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தட்டில் இடதுபக்க இட்லியை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறாரா, நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். அம்மாவுக்கு இரண்டுமே இருந்தது. ஒரு கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிப் புதுக் கண்ணாடியே விற்றுவிட்டார்கள், துளிப் பலன் இல்லை. இங்கே வந்த பிறகுதான் கண்ணில் கோளாறே இல்லை, கவனத்தைத் திருப்புகிற மூளைப் பகுதிகளுக்குள் தொடர்பு கெட்டிருக்கிறது, இப்படி ஒரு பக்கத்தைக் கவனிக்காமலே விடுவதற்கு நெக்லெக்ட் என்று பெயர் என்று தெரிந்தது.

இங்கிருக்கும் தெரபிஸ்ட் பொறுமையாக விளக்கியதற்கே தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம். கண்ணில் விழுவது மூளையின் பின்பகுதிக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்கிறது, ஆனால் அதில் எதைக் கவனிப்பது என்று நெற்றிப் பக்கத்துப் பகுதியும் உச்சிக்குப் பின்னால் இருக்கும் பரைட்டல் பகுதியும் முடிவுசெய்து, அந்த இடத்துச் செய்தியைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பின்பகுதிக்கே திரும்பத் தகவல் அனுப்புகின்றன, நாதஸ்வரக் கச்சேரியில் தாளம் போடுகிறவர் மாதிரி மூளையின் நடுவில் உள்ள தாலமஸில் இருக்கும் புல்வினார் என்ற பகுதி இவற்றை ஒரே லயத்தில் ஓடவைக்கிறது. இந்தக் கூட்டு வேலை குலைந்தால் இடதுபக்க உலகமே ஆளுக்கு இல்லாமல் போய்விடுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, "அம்மா, பீச் ரோட்டுல காந்தி சிலைகிட்ட வடக்குப் பார்த்து நிக்கிறீங்க, என்னென்ன இருக்கு சொல்லுங்க" என்று தெரபிஸ்ட் கேட்டார். அம்மா கடலையும் பாறைகளையும் சொன்னார், இடதுபக்கத்துக் கலங்கரை விளக்கத்தைச் சொல்லவே இல்லை. தெற்குப் பக்கம் திரும்பச் சொன்னதும் கலங்கரை விளக்கம் வந்தது, கடல் காணாமல் போனது! 1978-இல் மிலான் நகரத்தில் பிசியாக், லுட்சாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஊர்ச் சதுக்கத்தை வைத்து நோயாளிகளிடம் கண்டுபிடித்தது இதைத்தான்.

பயிற்சி எளிமையானதுதான். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு வரியையும் அதைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். அப்புறம் ப்ரிஸம் கண்ணாடி. எல்லாவற்றையும் 10 டிகிரி வலதுபக்கம் தள்ளிக் காட்டும் இதைப் போட்டுக்கொண்டு பொருளைத் தொடப் பழகினால், கழற்றிய பிறகு கை இடதுபக்கம் சாயும், கவனமும் கூடவே போகும். 1998-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ரோசெட்டியின் குழு வெளியிட்ட முறை. சிலருக்குப் பலன் நிற்கும், சிலருக்கு நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அம்மா இப்போது தட்டு முழுக்கச் சாப்பிடுகிறார், வாசற்படியில்தான் இன்னும் யாராவது கூட நிற்க வேண்டியிருக்கிறது.

குறை என்றால் மாடிப்படி. கை கால் வராதவர்கள் வரும் இடத்தில் லிஃப்ட் இல்லாதது பெரிய தப்பு, இதற்காகவே ஒரு ஸ்டார் குறைக்கிறேன். சாயங்காலம் கூட்டம் அதிகம், கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.