ஆள் போனாலும் வேலை நிலைத்து நிற்குமா? வன்னிச் சிஎன்சி பட்டறைக்கான தரவு நியமங்கள்: ஓர் ஒப்பீடு

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியோரம் இருக்கும் எங்கள் பட்டறையில் இரண்டு சிஎன்சி இயந்திரங்கள், அதாவது கணினிப் புரோகிராம் சொல்வதுபோல் உலோகம் வெட்டும் இயந்திரங்கள், இருக்கின்றன. ஒன்று ஜப்பானில் பாவித்துக் கழித்த கடைசல் இயந்திரம். மற்றது சிறிய மில்லிங் இயந்திரம். தண்ணீர்ப் பம்பி ஷாஃப்ட், அரிசி ஆலை உருளை, லாண்ட்மாஸ்டர் உதிரிப்பாகங்கள் ஆகியவைதான் பெரும்பாலான வேலை. 2022 இல் டீசலும் இல்லை, வேலையும் இல்லை என்று கடைசல் இயந்திரத்தைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தோம். மறுபடி போட்டபோது திரையில் அலாரம் தவிர எதுவும் இல்லை. நினைவகத்தைக் காத்துவந்த பெற்றரி தீர்ந்து, புரோகிராம், டூல் (வெட்டும் கருவி) அளவுகள், இயந்திரத்தின் அடிப்படை அமைப்பு எண்களான பராமீற்றர்கள் எல்லாம் அழிந்திருந்தன.

பராமீற்றர்களை மீட்டோம். மின்பெட்டிக் கதவின் உட்புறம் மடித்துச் செருகியிருந்த, எண்ணெய் ஊறிய தாளை ஒருவர் வாசிக்க, மற்றவர் இரண்டு நாள் இருந்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பம்பி ஷாஃப்ட் புரோகிராமுக்கு அப்படித் தாள் எதுவும் இல்லை. அதை எழுதிய தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டபோது, "அண்ணை, பெயாரிங் ஏறும் இடத்துக்கு 25.008 கொடுத்திருந்தேன்" என்று நினைவிலிருந்து சொன்னார். அவருடைய நினைவாற்றல்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

ஆகவே புரோகிராம், வரைபடம், கண்காணிப்பு ஆகியவற்றுக்கான எந்தப் பொது நியமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். ஆள் போனாலும் பெற்றரி போனாலும் அந்த வேலை பட்டறையில் நிலைத்து நிற்குமா?

முதலில் புரோகிராம். இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் மொழியான ஜி-கோட் பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரியும். 1982 இல் ஐஎஸ்ஓ 6983 என்ற சர்வதேச நியமமாக வந்தது. பொதுமொழி என்று பெயர், ஆனால் ஊருக்கு ஊர் வழக்கு மாறுகிறது. ஒரு கடைசல் இயந்திரத்தில் ஜி92 மரை வெட்டும். இன்னொன்றில் அதே ஜி92 சுழல் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும். பழைய கட்டுப்பாடுகள் பலவற்றில் எக்ஸ்40 என்று எழுதிப் புள்ளியை விட்டுவிட்டால், அது 40 மில்லிமீற்றர் அல்ல, 40 மைக்ரோன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜி-கோட் டூல் எங்கே போகவேண்டும் என்று மட்டும் சொல்லும். அங்கே பெயாரிங் ஏறுகிறதா, வெறும் படியா என்று சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஸ்டெப்-என்சி வந்தது. ஐஎஸ்ஓ 14649 என்பது அதன் எண். இது துளை, பள்ளம், மரை, அவற்றின் அளவு, எந்த டூல், எந்த வரிசை என்று வேலையின் நோக்கத்தையே கோப்பில் வைக்கிறது. எண்ணம் மிக நல்லது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை நேரடியாக வாசித்து ஓடும் கட்டுப்பாடுகள் அரிது. எங்கள் பட்டறைக்கு இப்போது ஜி-கோட்தான். ஸ்டெப்-என்சியிடம் கடன் வாங்க வேண்டியது அதன் நோக்கத்தை. எங்கள் பழைய திரை ஆங்கிலப் பெரிய எழுத்தைத்தான் ஏற்கும். அதனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தமிழில் ஒரு தாள் எழுதி வைக்கிறோம்: எங்கே பிடிப்பது, எந்த டூல், எந்த அளவு விடக்கூடாதது, ஏன்.

புரோகிராமை இயந்திரத்திலிருந்து கணினிக்கு எடுக்க ஆர்எஸ்-232 என்ற பழைய தொடர் இணைப்புக் கம்பி போதும். இரு பக்கத்திலும் தரவு அனுப்பும் வேகமும் பாரிற்றி என்ற பிழை சரிபார்ப்பு அமைப்பும் ஒத்திருக்க வேண்டும். இயந்திரத்தையும் கணினியையும் நிறுத்திவிட்டுத்தான் கம்பியைச் செருக வேண்டும். நில இணைப்பு வேறுபட்டால் போர்ட் எரிந்துவிடும்.

வரைபடத்தில் தெரிவு எளிது. வாடிக்கையாளர் பெரும்பாலும் தேய்ந்த ஷாஃப்டையோ தொலைபேசிப் படத்தையோதான் தருகிறார். டிஎக்ஸ்எஃப் என்ற கணினி வரைபடக் கோப்பு வந்தாலும், அலகு தெளிவாக இல்லாத கோப்பில் ஒன்று என்பது அங்குலமா மில்லிமீற்றரா என்று தெரியாது, தவறினால் 25.4 மடங்கு. பழைய பிரித்தானிய அளவு இயந்திரங்களும் மெற்றிக் இயந்திரங்களும் கலந்து ஓடும் வன்னியில் இது பெரிய ஆபத்து. பாகத்தின் முப்பரிமாண வடிவத்தை வைக்கும் கோப்பு நியமமான ஸ்டெப் ஏபி242, 2014 இல் முதலில் வெளிவந்தது; அதில் அலகும் உண்டு, வடிவமும் உண்டு, எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற டொலரன்ஸையும் சேர்த்து வைக்கலாம். அந்த 25.008 கட்டாரில் இருக்கவேண்டியதில்லை, கோப்பில் இருக்கலாம். திரும்பத் திரும்ப வரும் பாகங்களை நாங்களே அளந்து ஸ்டெப்பில் வரைந்து வைப்பதுதான் இன்று செய்யக்கூடிய மிகப் பயனுள்ள முதலீடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி இயந்திரத்தைக் கண்காணிப்பது. இங்கேதான் விற்பனையாளர்களின் சத்தம் அதிகம். இயந்திரத்தின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் நியமமான எம்டிகனெக்ட் 2008 இல் வந்தது. உரிமக் கட்டணம் இல்லை. அந்த நிலையை எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பு வடிவில் தரும், அதனூடாக இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்ப முடியாது. முதன்முறை வலையமைப்பில் இணைப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஓபிசி யூஏ என்ற மற்ற நியமம் இருவழிப் பாதை, தரவையும் எடுக்கலாம், கட்டளையும் அனுப்பலாம். சான்றிதழ், குறியாக்கம் எல்லாம் உண்டு. பல உற்பத்தியாளர்களின் இயந்திரங்களை ஒன்றாக ஓட்டும் பெரிய ஆலைக்கு அதுவே வலிமையானது. ஆனால் மின்வெட்டுக்குப் பின், இயந்திரத்தோடு இணைத்த சிறிய கணினியின் கடிகாரம் பழைய தேதிக்குப் போனால், சான்றிதழ் செல்லாது என்று ஓபிசி யூஏ இணைப்பை மறுத்துவிடலாம். எம்டிகனெக்ட்டில் இணைப்பு நிற்காது, ஆனால் பதிவில் நேரம் பொய்யாகும். எதைத் தெரிவுசெய்தாலும் பெற்றரி உள்ள கடிகாரத் துண்டு ஒன்றைக் கணினியில் பொருத்துங்கள். கணினிக்கு யூபிஎஸ் வையுங்கள்.

எங்கள் கடைசல் இயந்திரத்தில் வலையமைப்பே இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குக் கம்பிகளிலிருந்து ஒப்டோகப்ளர் (மின்சாரத்தைப் பிரித்து, ஒளியால் சைகையைக் கடத்தும் துண்டு) வழியாகச் சிறிய கணினிக்கு எடுத்து, திறந்த மூல எம்டிகனெக்ட் மென்பொருளை ஓடவிட்டோம். ஓடுகிறதா, நிற்கிறதா, அலாரமா என்பது மட்டும்தான் தெரியும். அதுவே போதுமாக இருந்தது. காலபோக அறுவடை நெருக்கடியில் இயந்திரம் வெட்டிய நேரத்தைவிட டூல் தேடி நின்ற நேரம் அதிகம் என்று கண்ணால் கண்டோம். டூல் பெட்டியை இயந்திரத்துக்கு அருகே நகர்த்தினோம். இந்த இணைப்பைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் கிளிநொச்சி அறிவியல் நகரில், பொறியியல் பீடத்திலும் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் படிக்கிறார்கள். கொழும்பில் ஆள் தேடுமுன் அவர்களைக் கேளுங்கள்.

அடுத்த இயந்திரம் வாங்கும்போது இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்பேன். எம்டிகனெக்ட் அல்லது ஓபிசி யூஏ விலைக்குள் அடங்குமா, தனி உரிமமா? பராமீற்றர் முழுவதையும் நானே கோப்பாக எடுக்கலாமா? பழைய இயந்திரத்துக்குப் புதுப் பெற்றரி போட்டாயிற்று. அதை மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். மாற்றிய தேதியை வெள்ளை நாடாவில் எழுதி, அந்த எண்ணெய்த் தாள் இருக்கும் கதவில் ஒட்டியிருக்கிறோம்.